டைப்பிஸ்ட் அக்கா அர்த்தம் பார்த்த வார்த்தை

அந்த ஆஸ்பத்திரியில் டைப்பிஸ்ட் அக்காவைத் தெரியாதவர் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக ரெக்கார்டு ரூமில் அதே ஜன்னலோர மேஜை. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதை ஹெட்போனில் கேட்டு, டிஸ்சார்ஜ் சீட்டாக அடித்துக் கொடுக்க வேண்டும், அதுதான் வேலை. சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு வேகம். நமக்கு வாயில் நுழையாத வியாதிப் பெயரெல்லாம் அவள் விரலுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஆனால் அர்த்தம்? அதை மட்டும் கேட்காதீர்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார்: "புரிஞ்சுக்கிட்டு அடிக்காதீங்கம்மா. புரிஞ்சா மனசு நிக்கும். மனசு நின்னா விரலும் நிக்கும்." அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மேஜையில் தலையணை சைஸில் ஓர் ஆங்கில அகராதி இருந்தது. எழுத்து சரியா என்று பார்க்க மட்டும் திறப்பாள். வார்த்தை இருக்கும் இடது ஓரத்தில் விரலை வைத்துப் பார்ப்பாள், மூடிவிடுவாள். பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்று ஒரு நாள் கூடப் படித்ததில்லை.

இந்தச் சங்கதி தெருவுக்குத் தெரியாதே! யார் வீட்டு ரிப்போர்ட்டானாலும் நேராக அக்காவிடம்தான் வரும். அவளும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜம்மென்று வாசித்து, தனக்குத் தோன்றியதைச் சொல்லி அனுப்புவாள்.

அவள் புருஷன் பஸ் டிரைவர். எட்டு மாதமாக வயிற்றில் கட்டி. ஆபரேஷன், மருந்து, மறுபடி மருந்து. ஆள் பாதியாகிவிட்டார், பேச்சு மட்டும் குறையவில்லை. "ஏய் டைப்பிஸ்டு, நான் எப்ப வண்டி எடுக்கலாம்னு உங்க டாக்டரைக் கேளேன்" என்று தினமும் ஒரே பாட்டு.

போன வாரம் நாலு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "இனிமே பேலியேட்டிவ் கேர்ல பாத்துக்கலாம். உங்களுக்குத் தெரியாததா, அக்கா?"

"சரிங்க டாக்டர்" என்றாள். ஆயிரம் தடவை அடித்த வார்த்தை. மாடியில் திரை போட்ட வார்டின் வாசலிலும் அதே பெயர்தான் மாட்டியிருக்கிறது. அது வார்டு பெயர் என்றே இத்தனை வருஷமாக நினைத்திருந்தாள். "இனிமே மாடி வார்டு டாக்டர் பாப்பாராம். அங்க கூட்டம் கம்மி" என்று புருஷனிடம் சொன்னாள்.

அவருக்குச் சந்தோஷம். உடனே மகளுக்குப் போன் போட்டார். மகள் வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள், வருஷத்துக்கு ஒரு லீவுதான். "இப்ப அவசரப்பட்டு வராதம்மா. ஆறு மாசம் போகட்டும். நான் எழுந்து நடமாடற நேரமா பாத்து வா, மூணு பேரும் எங்கயாவது போலாம்." மகளும் சரியென்று லீவைத் தள்ளிப் போட்டுவிட்டாள்.

இன்று காலை ஹெட்போனில் ஒரு பதிவு வந்தது. ஆண், ஐம்பத்தாறு வயது, பஸ் ஓட்டுநர். விரல் நிற்கவே இல்லை. இரண்டு பக்கம், ஒரு பிழை கிடையாது. பெயரை மட்டும் கடைசியில் ஃபைலைப் பார்த்து அடிப்பாள். பார்த்தாள். புருஷன் பெயர்.

அதே சீட்டில், சிகிச்சையின் நோக்கம் என்ற இடத்தில், அவளே அடித்திருந்தாள்: பேலியேட்டிவ். வார்டு பெயர் எப்படி நோக்கமாகும்?

அகராதியைத் திறந்தாள். இடது ஓரத்தில் வார்த்தை இருந்தது, எழுத்து சரிதான். முதல் தடவையாக விரல் வலப்பக்கம் நகர்ந்தது. நோயைக் குணப்படுத்தாமல் அதன் வேதனையை மட்டும் தணிப்பது. அடுத்து, வார்த்தை வந்த வழி: லத்தீனில் மேலங்கிக்கு ஒரு சொல், அதிலிருந்து போர்த்துவது, மூடுவது. கடைசியாக, எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு வாக்கியம்: "அந்த உதவி பஞ்சத்துக்கு ஒரு பேலியேட்டிவ், தீர்வல்ல." மூன்றையும் படித்தாள். திருப்பியும் படித்தாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள். ருசி தெரியவில்லை. வெறுமனே மென்று விழுங்கினாள்.

கை கழுவும்போதுதான் தெருமுனை இஸ்திரிக்காரம்மா நினைவுக்கு வந்தாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவளும் இதே வார்த்தை போட்ட புருஷன் சீட்டோடு வந்தாள். "அது மாடி வார்டு பேரு. பயப்படாம போய் வேலையைப் பாரு" என்று இவள்தான் அனுப்பினாள். அவளும் நம்பிப் போனாள். பன்னிரண்டாம் நாள் அந்த மனுஷன் அவள் எங்கே என்று கேட்டுக் கேட்டே உயிரை விட்டபோது, அவள் யார் சட்டைக்கோ இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்தால் இன்றைக்கும் முகம் மலரக் கும்பிடுகிறாள். பாவி, என்ன காரியம் செய்திருக்கிறேன் என்று குழாயடியிலேயே நின்றாள் அக்கா. அப்போதும் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

வராந்தாவில் டாக்டரை மறித்தாள். "ஆறு மாசம் இருக்குமா, டாக்டர்?"

அவர் திகைத்துப் போனார். "அக்கா, உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். ரெண்டு மாசம்னு வெச்சுக்கோங்க."

சாயங்காலம் வீட்டில் புருஷன் தலையணையில் சாய்ந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். "என்ன டைப்பிஸ்டு, பேயறைஞ்ச மாதிரி வர்றே?"

"என்னங்க, அந்த வார்த்தைக்கு நான் தப்பா சொல்லிட்டேன். அது வார்டு பேரு இல்ல."

"பின்ன?"

"போர்த்தறதுன்னு அர்த்தமாம். லத்தீன்ல."

"யாரு யாருக்குப் போர்த்தறது? சுத்தி வளைக்காத."

"வலியை மட்டும் குறைப்பாங்களாம். குணமாக்க மாட்டாங்களாம்."

அவர் ரேடியோவை நிறுத்தினார். ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் போனது. அது திருப்பத்தைத் தாண்டும் வரை பழக்கதோஷத்தில் காது கொடுத்துக் கேட்டார். "செகண்ட் கியர்லயே உருட்டறான், மடையன்" என்றார். பிறகு, "எவ்வளவு நாள்?"

"ரெண்டு மாசம்."

"போனை எடு."

மகள் உடனே எடுத்துவிட்டாள். "லீவை இப்பவே போடும்மா" என்றார். ஏன், என்ன ஆச்சு என்று அவள் பதறுவது அக்கா காதிலும் விழுந்தது. "என்னமோ பேலியேட்டிவாம். எனக்கு ஏது இங்கிலீஷ்? உங்கம்மா இன்னிக்குத்தான் படிச்சுட்டு வந்திருக்கா, அவகிட்டயே கேளு" என்று போனை நீட்டினார்.

அக்கா வாங்கிக்கொண்டாள். வாய் திறந்தது. "பி, ஏ, எல், எல், ஐ..."

"அம்மா, ஸ்பெல்லிங் எனக்குத் தெரியும்மா" என்றாள் மகள், உடைந்த குரலில். "அர்த்தத்தைச் சொல்லு."

அக்காவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே சொன்னாள்.