பேனலுக்கு வைத்த பொட்டு

காய்ந்த சந்தனத்தைக் கண்ணாடியிலிருந்து கீறல் விழாமல் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று என்னைக் கேளுங்கள். ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் உதிரிபாகத் தொழிற்சாலையின் கூரைமேல், ஒரு காலைப்பொழுது முழுக்க மண்டி போட்டு அதைத்தான் செய்தேன். பக்கத்தில் எங்கள் இன்ஜினியர் மேடமும் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையது.

மேடம் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பக்கத்து ஊரான சிங்கப்பெருமாள் கோவிலில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஷெட்டின் கூரையில் சோலார் பேனல் போட வேண்டும் என்று இரண்டு வருடம் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டியவர். நானோ டீசல் ஜெனரேட்டர் ஓட்டுகிறவன். வெயிலை நம்பி லைன் ஓடுமா என்று கேன்டீனில் உட்கார்ந்து அவரை நான் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. ஆனால் வெளிநாட்டில் எங்கள் பாகங்களை வாங்குகிறவர்கள், இதை எந்த மின்சாரத்தில் செய்கிறீர்கள் என்று கேட்க ஆரம்பித்ததும் நிர்வாகம் இறங்கி வந்தது. ஒரே ஒரு ஷெட்டில் மூன்று மாதம் சோதனை. மீட்டர் ரீடிங் நன்றாக இருந்தால் மற்ற ஷெட்டுகளுக்கும் பேனல், இல்லாவிட்டால் போட்டதையும் கழற்றிவிடுவது என்று முடிவானது.

இரண்டாவது மாதம் முடிவதற்குள் என் வாய் அடங்கிவிட்டது. நல்ல வெயிலில் மீட்டரைப் பார்த்தால் எனக்கே பெருமையாக இருக்கும். அந்த நேரத்தில்தான் ஆயுத பூஜை வந்தது. எங்கள் கம்பெனியில் பிரஸ் மிஷின், ஃபோர்க்லிஃப்ட், உள்ளே வர நாங்கள் அட்டை காட்டும் பஞ்சிங் மிஷின் என்று ஒன்று விடாமல் பொட்டு வைப்போம். பேனல் மட்டும் என்ன பாவம் செய்தது? நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு சந்தனக் கிண்ணத்தோடு மேலே ஏறினேன். ஒவ்வொரு பேனலுக்கும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். அவ்வளவு ஆசையாக நான் எந்த மிஷினுக்கும் வைத்ததில்லை.

விடுமுறை முடிந்து வந்தால் ரீடிங் விழுந்து கிடந்தது. மழையும் இல்லை, மேகமும் இல்லை. மேடம் மேலே ஏறிப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். கோபம் வந்தால் மட்டும் அவருக்கு ஊர்ப் பேச்சு வரும்.

"யாருலே இந்த வேலையப் பாத்தது?"

"நான்தான் மேடம். எல்லா மிஷினுக்கும் வெச்சிகினு இத்த மட்டும் வுட்டா நல்லாவா கீது?"

பேனலில் ஒரு கட்டத்தை மறைத்தால் அந்த வரிசையே சுணங்கிவிடும் என்று அப்போதுதான் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவருடைய இரண்டு வருட உழைப்பை ஒரு கிண்ணம் சந்தனத்தில் கெடுத்துவிட்டேனே! அவர் திட்டவில்லை. வாளி கொண்டுவரச் சொன்னார்.

அடுத்த வாரம் மேலதிகாரிகள் வந்தார்கள். ரீடிங் விழுந்த நாட்களுக்குக் காரணம் கேட்டார்கள். நான் கான்ட்ராக்ட் ஆள். என் பெயரை மேடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போயிருப்பேன். நடந்ததைச் சொன்னார், பெயரைச் சொல்லவில்லை. மீட்டரைக் காட்டுவதற்காக நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

வந்தவர்களில் ஒருவர் சிரித்தார். "நம்ம ஒர்க்கர்ஸுக்கு இதெல்லாம் செட் ஆகாதும்மா. டீசல்தான் அவங்களுக்குப் பழக்கம்."

மேடம் குரலை உயர்த்தவில்லை. "தொடக்கூடாதுன்னு சொல்லாதது என் தப்பு சார். ஆனா வேண்டாத மிஷினுக்கு யாராச்சும் பொட்டு வைப்பாங்களா? இது அவங்க மிஷின் ஆயிருச்சு. இனிமே கழட்டணும்னா அவங்களையும் கேட்டுட்டுக் கழட்டுங்க."

சோதனையை இன்னும் ஒரு மாதம் நீட்டித்தார்கள். அந்த மாதம் முழுக்க, காலை ஷிப்ட் தொடங்குமுன் நாங்கள் ஐந்து பேரும் கூரையேறித் தூசி துடைத்தோம். யாரும் எங்களைச் செய்யச் சொல்லவில்லை. மாதக் கடைசியில் மற்ற ஷெட்டுகளுக்கும் ஆர்டர் வந்தது.

மேடம் இப்போது வேறு கம்பெனியில் இதே சண்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஆர்டர் வந்த அன்று நான் ஜெனரேட்டர் அறைச் சாவியை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, கூரைக்கு ஏறும் ஏணிக் கதவின் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதை இதுவரை யாரிடமும் கொடுக்கவில்லை.