வீணான தாளின் மறுபக்கம்

வேணி ஒரு வரி எழுதுகிறார். வாசலைப் பார்த்து அதை உரக்கப் படிக்கிறார். பேனாவை உயர்த்திப் பிடித்துக் காத்திருக்கிறார். வாசலில் வேர்க்கடலையை, அந்த ஊர்ப் பேச்சில் மல்லாட்டையை, அவித்து விற்கும் சவுரியம்மாள் அடுத்து நடக்கப்போவதைச் சொல்லிவிட்டால், அந்த இடம் அடிபடும். "அப்பால அவ அழுதிருப்பா" என்றார் சவுரியம்மாள் ஒருநாள். அரைப் பக்கம் போயிற்று.

"உனக்கே தெரிஞ்சத நான் எதுக்குக்கா எழுதணும்?"

திண்டிவனத்தில் தாலுகா ஆபீசுக்குப் போகிற வழியிலுள்ள சிறிய ஜெராக்ஸ் கடையில்தான் வேணி நாவல் எழுதுகிறார். மை அப்பி வீணான தாள்களை எறிவதில்லை. முன்பக்கத்தில் யாருடைய பட்டாவோ கருத்துக் கிடக்கும். பின்பக்கத்தில் நாவல் நகரும். அடிபட்ட பக்கங்கள் சவுரியம்மாளின் கூடைக்குப் போய்ப் பொட்டலமாகும். மயிலம் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள், வேணி வேண்டாமென்று தள்ளிய அத்தியாயங்களில் மல்லாட்டை தின்றபடி போகிறார்கள்.

அவர் கதைகள் முதலிலிருந்து தொடங்குவதில்லை. ஒரு நாவல் முழுக்க ஒரே மத்தியானம். யாராவது, "ஜல்தியா குடுக்கா, ஆபீஸ மூடிருவாங்க" என்றால் வாக்கியத்தைப் பாதியில் விட்டு எழுவார். திரும்பி வந்தும் அதை முடிப்பதில்லை. அந்தப் பாதி வரிகளை அவருடைய நடை என்கிறார்கள் விமர்சகர்கள். கேட்டால் சிரிப்பார். "கஸ்டமர் குடுத்த ஸ்டைலுப்பா."

புதிய நாவலில் ஒருத்தி பஸ் ஸ்டாண்டில் மகனுக்காகக் காத்திருக்கிறாள். சவுரியம்மாளின் மகனும் போர்வெல் லாரியில் வேலைக்குப் போனவன்தான். மூன்று வருஷமாகப் போன் இல்லை. "என்ன வெச்சித்தான எழுதிக்கினு கீற? எழுது. அவன மட்டும் சாவடிச்சிடாத" என்று கூடையைத் துணியால் மூடிக்கொண்டே சொல்லியிருந்தார்.

பதிப்பாளருக்கோ மகன் என்ன ஆனான் என்று தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் புத்தகம் வராது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பல மாதம் மறுத்துவந்த வேணி, போன வாரம் கடைசிப் பக்கத்தை எழுதிவிட்டார். மகன் செத்துப்போகிறான். இதை நகலுக்காக நின்றிருந்த என்னிடம் தாளை அடுக்கியபடியே, வாசலுக்குக் கேட்காதபடி சொன்னார்.

பிறகு கடைசி அத்தியாயத்தைப் படிக்க ஆரம்பித்தார். சவுரியம்மாள் அன்று எதையும் முந்திச் சொல்லவில்லை. பொட்டலம் கேட்டவரைக்கூடக் கையமர்த்தி நிறுத்தினார். ஒரு தாள் மிச்சமிருக்கும்போது வேணியின் குரல் நின்றது.

"வந்துட்டானா?" என்றார் சவுரியம்மாள்.

"அவ்ளோதான்க்கா. இன்னும் நின்னுக்கினுதான் கீறா."

வேணி அந்தத் தாளை, எழுத்து உள்ளே போகும்படி கூம்பாகச் சுருட்டினார். நுனியை மடித்து அழுத்தி, மல்லாட்டை போடச் சொல்லி வாசல் பக்கம் நீட்டினார்.