துவைக்கும் மேடையில் ஒரு குன்றுத் துண்டு

அத்தானோடு இன்றுவரை நான் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. காரணம் ஒரு கல். சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அக்காவைக் கட்டிக்கொடுத்த அம்பகரத்தூரில் கல் கிடையாது. எவ்வளவு தோண்டினாலும் களிமண், அதற்குக் கீழே மணல். நாயை விரட்டக்கூட மண்ணாங்கட்டிதான். கல் என்றால் வெளியூரிலிருந்து வர வேண்டும். வந்தால் எங்காவது பதிக்க வேண்டும். சும்மா பார்ப்பதற்கு ஒருவன் கல் கொண்டுவருவான் என்று அங்கே யாருக்கும் தோன்றாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நிலவியல் முதுகலை படித்தேன். ஆய்வுக்காகக் கடப்பைப் பக்கத்துக் குன்றுகளில் அலைந்தேன். நூறு கோடி ஆண்டுக்கும் முந்தைய கடல் மணல், அழுத்தத்திலும் சூட்டிலும் இறுகிக் குவார்ட்சைட் பாறையாகி நிற்கிற இடம். அதில் அலை வரிகள் அப்படியே இருக்கும். திருவேட்டக்குடிக் கடற்கரையில் தண்ணீர் வடிந்ததும் மணலில் நிற்குமே, அதே வரிகள். வரியின் கூர்மையான முகடு மேலே பார்த்துத்தான் இருக்க வேண்டும். நான் கண்ட அடுக்கில் அது கீழே பார்த்தது. பாறையடுக்கே தலைகீழாகப் புரண்டிருக்கிறது என்றேன். பேராசிரியர் நம்பவில்லை. அந்தப் பாறையில் வானம் பார்த்த பக்கத்தில் சிவப்புப் பெயிண்டால் 'மேல்' என்று எழுதி, ஒரு பலகைக் கல்லைப் பெயர்த்தெடுத்தேன். என் ஆய்வு முழுவதும் அந்த ஒரு சொல்லில் நின்றது.

பொங்கலுக்கு அந்தக் கல்லைக் கோணிப்பையில் சுமந்துகொண்டு அக்கா வீட்டில் இறங்கினேன். பையை அங்கே வைத்துவிட்டுக் காரைக்காலில் நண்பன் வீட்டில் சில நாள் தங்கினேன். திரும்பி வந்தால், கிணற்றடியில் புது மேடை. அதில் பதித்த என் கல்லில் அத்தான் வேட்டியை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மச்சான். கல்லு அருமையா இருக்கு. வரி இருந்த பக்கத்தை அடியில போட்டுட்டேன், சிமிண்டு நல்லா கவ்விக்கும்."

"மேல எழுதியிருந்தது எங்க அத்தான்?"

"வேட்டியில ஒட்டுமேன்னு செங்கப்பொடி போட்டு தேய்ச்சிட்டேன். கல்லுக்கு எந்தப் பக்கம் மேல இருந்தா என்ன?"

கேட்காமல் ஏன் தொட்டீர்கள் என்று கத்தினேன். "கல்லைக் கட்டிக்கிட்டு அழுவுறதுக்கா காலேஜுக்குப் போனே?" என்று அவரும் கத்தினார். கடப்பாரையை எடுத்தேன். மேடை உடைந்தது, கல் உடையவில்லை. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆய்வை ஒப்படைக்கும் நாள் நெருங்கிவிட்டது. திரும்பக் குன்றுக்குப் போக வழியில்லை. பேராசிரியர் கல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இதுல எது மேல், எது கீழ்னு யார் சொல்றது?" அந்த அத்தியாயத்தையே அடித்துவிட்டார்.

அத்தான் மேடையைப் பூசவில்லை, வேண்டுமென்றே. வருகிறவர்களுக்கெல்லாம் குழியைக் காட்டி, "எம் மச்சான் பண்ணின வேலை" என்பார். அடுத்த முறை போனபோது நானும் குனிந்து பார்த்தேன். சிமெண்டில் வரிகள் கூர்மையாகக் கீழ்நோக்கி இறங்கியிருந்தன. குன்றில் எப்படிக் கிடந்ததோ அப்படியேதான் அத்தான் கல்லைப் போட்டிருக்கிறார். அந்த எழுத்தை மட்டும் தேய்க்காமல் விட்டிருக்கலாம், பாவி மனுஷன்.