ருசி பார்க்க என்னை அழைத்த வீடு

வைன் என்ற சொல்லை எங்கள் வீட்டில் சத்தமாகச் சொல்ல முடியாது. கொச்சி மட்டாஞ்சேரியில் கார்ப்பரேஷன் துப்புரவுத் தொழிலாளிகளுக்குக் கொடுத்த லைன் வீடுகளில் நாங்கள் இருந்தோம். சாராயக் கடைகளை அரசாங்கம் மூடிய பிறகும், பொழுது சாய்ந்தால் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து பாத்திரம் பறந்து வரும். குப்பியில் அடைத்தது எதுவானாலும் அம்மாவுக்கு ஒன்றுதான். அப்பா குடியை விட்டு எத்தனையோ காலமாகியும், அவர் வேலை முடிந்து படியேறியதும் அம்மா முகத்துக்கு நேரே நின்று "ஊதுங்க" என்பாள். அப்பாவும் ஊதுவார்.

அந்த வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்தவளும் காலேஜ் போனவளும் நான் ஒருத்திதான். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து, பஜாரை ஒட்டிய சந்தில் ஒரு தேயிலை ஏஜென்சி ஆபீசில் எனக்கு வேலை கிடைத்தது. நீள மேஜையில் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். டீ ருசி பார்க்கும் சார் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, காலடியில் இருக்கும் உயரமான பாத்திரத்தில் துப்பிவிட்டு இங்கிலீஷில் ஒரு வார்த்தை சொல்வார். பின்னாலேயே நடந்து அந்த வார்த்தையை எழுதுவது என் வேலை. சார் போன பிறகு, மிச்சமிருக்கும் கிண்ணங்களில் நானும் உறிஞ்சிப் பார்ப்பேன். போகப் போக, அவர் வாய் திறப்பதற்கு முன்பே அந்த வார்த்தை என் மனதில் வந்துவிடும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, ஒருத்தியைத் தவிர.

அவள் எங்கள் ஆபீசில் டைப்பிஸ்ட். தோப்பும்படியில் வீடு, கிறிஸ்தவக் குடும்பம். நான் எங்கிருந்து வருகிறேன் என்று தெரிந்த பிறகும் என் டிபன் பாக்ஸில் கை விட்டு எடுத்துச் சாப்பிட்ட ஒரே ஆள் அவள்தான். அவளுக்கு மே மாதம் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளைக்கு துபாயில் வேலை. மழை தொடங்குவதற்குள் அவளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்றார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து, அவள் கை விட்டு எடுப்பதற்கென்றே டிபன் பாக்ஸில் கொஞ்சம் கூடுதலாகக் கொண்டுபோனேன்.

ஒரு நாள் டைப்ரைட்டரை மூடியபடியே சொன்னாள். அவள் வீட்டார் பேசுவது மலையாளம். எனக்குக் கேட்ட மாதிரி தமிழில் எழுதுகிறேன்.

"எடி, ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வரணும். கல்யாணத்துக்கு முந்தின நாள் மதுரம்வைப்பு இருக்கில்ல, அன்னைக்குக் கொடுக்க வீட்டுல போட்ட வைன்ல நல்லதாப் பார்த்து எடுக்கணும். உன்னைக் கூட்டிட்டு வரச் சொல்லி அம்மா நிக்கிறா."

"நானா? நான் வாயில வச்சதே இல்லையே."

"டீயெல்லாம் ருசி பார்க்கத் தெரியும்ல? எங்க வீட்டுல அவங்கவங்களுக்கு அவங்கவங்க ஊறவச்ச பரணி ஜாடிதான் ஒசத்தி. அடிச்சுக்குவாளுங்க. நீதான் வேணும்."

மதுரம்வைப்பு என்றால், கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் சொந்தக்காரர்கள் பெண்ணுக்கு இனிப்பு ஊட்டும் சடங்கு. வீட்டு ஆட்கள் எல்லாம் பெண்ணைச் சுற்றி நிற்பார்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். அவள் போவதற்கு முன் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக நிற்க வேண்டும் என்று அன்று எனக்கு ஆசை வந்தது. விருந்தாளியாக இல்லை, அந்த வீட்டு ஆளாக. என்னை அழைத்தது அதற்கான வாசல் என்று நினைத்துக்கொண்டேன்.

நூலகத்துக்குப் போய் ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் வைனைப் பற்றி இரண்டு பக்கம் படித்தேன். செர்ரி மணம், ஓக் மர மணம் என்று எழுதியிருந்தார்கள். இரண்டையும் நான் கண்டதில்லை. ஆனால் லேசானதில் தொடங்கி இனிப்பில் முடிக்க வேண்டும், வெயில் காலத்தில் கனமானதைக் குறைக்க வேண்டும் என்று இருந்தது புரிந்தது. அது போதும் என்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கூடத்து மேஜையில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். மின்விசிறி சூட்டையே சுற்றிக்கொண்டிருந்தது. சிநேகிதியின் அம்மா, சித்தப்பாவின் மனைவி, பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். ஜன்னலோரத்தில் அவள் அப்பாவின் அக்கா முறத்தை மடியில் வைத்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாமல் அந்த வீட்டிலேயே இருந்துவிட்டவர். அங்கே அத்தையை அம்மாயி என்பார்கள்.

யாருடையது எது என்று தெரியாமலிருக்க, ஒவ்வொரு பரணியிலிருந்தும் எடுத்து எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றி அடுக்களையிலிருந்து கொண்டுவந்தார்கள். நான் துப்புவதற்கு ஒரு பாத்திரம் கேட்டேன்.

"கர்த்தாவே! வைனைத் துப்பப் போறாளாம்!"

"துப்பட்டும்டி. முழுங்கினா இவளை யாரு தூக்கிட்டுப் போய் பஸ்ஸுல ஏத்துறது?"

கூடமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு முதல் டம்ளரை எடுத்து, சார் உறிஞ்சுவது போலவே சத்தமாக உறிஞ்சினேன். சிரிப்பு நின்றது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது.

முதலாவது அன்னாசி. லேசாக மூக்கில் ஏறியது, நாக்கில் தங்கவில்லை. அடுத்தது சாம்பக்காய் என்கிற ஜம்புப் பழத்தில் போட்டது. இளஞ்சிவப்பு நிறம், மணமே இல்லை என்று நினைக்கும்போது பின்னால் வந்து நின்றது. மூன்றாவது, அவர்கள் முந்திரி என்று சொல்லும் திராட்சை. கிராம்பும் கருக்கிய சர்க்கரையுமாக நல்ல இனிப்பு. நான்காவதும் திராட்சைதான், இன்னும் ஆழமான சிவப்பு. முதலில் இதுதான் எல்லாவற்றையும்விட நன்றாக இருக்கிறது என்று தோன்றியது. துப்பிய பிறகு தொண்டைக்கு மேலே ஒரு கசப்பு எழுந்தது, அதோடு காடியின் புளிப்பு. மறுபடி ஒரு வாய் எடுத்தேன். அதே கசப்பு. கடைசியில் வந்த நெல்லிக்காய் லேகியம் போலிருந்தது.

"வெயில்ல வேர்த்துக் கொட்டிட்டு வர்றவங்களுக்கு முதல்ல சாம்பக்காய் கொடுங்க, பனிக்கட்டியில வச்சு. அப்புறம் அன்னாசி. கேக்கு வெட்டும்போது இந்த மூணாவது. நெல்லிக்காயை வயசானவங்களுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இந்த நாலாவது வேண்டாம். புளிச்சுப் போச்சு, கசக்குது. டீயா இருந்தா எங்க சார் ஏலத்துக்கே அனுப்பமாட்டார்."

ஜன்னலோரத்தில் பூண்டு உரிக்கும் சத்தம் நின்றது. அம்மாயி முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார்.

"மோள் சொன்னா சொன்னதுதான். படிச்ச பிள்ளையில்லையா" என்றாள் சிநேகிதியின் அம்மா. அந்த வார்த்தையைத் தயாராக வைத்திருந்தவள் போல உடனே சொன்னாள்.

வாய் கொப்பளிக்கப் பின்பக்கக் குழாய்க்குப் போனேன். அடுக்களை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே அவள் அம்மாவும் சித்தப்பா மனைவியும்.

"அப்பாடா, ஒரு வழியாச்சு. போன கிறிஸ்துமஸ்ஸுக்கே அதை யாரும் குடிக்கல. எல்லாம் செடிக்குத்தான் போச்சு."

"நீங்க சொல்லியிருக்கலாமே சேச்சி."

"நான் சொன்னா நாத்தனார் செத்தாலும் மறக்கமாட்டா. நீ சொன்னா உன்னோட சண்டை. இவகிட்ட என்ன சண்டை? இவ நமக்கு யாருமில்லையே."

குழாயைத் திறந்து முகத்தையும் கழுவினேன்.

பஸ் நிறுத்தம்வரை சிநேகிதி கூட வந்தாள். அந்த வீட்டு விசேஷம் எல்லாவற்றிலும் நான் வேண்டாமென்ற அம்மாயியின் சிவப்பு வைன்தான் முதல் தட்டில் போகுமாம். தட்டை அவரேதான் ஏந்திக்கொண்டு வருவாராம்.

"உனக்கு முன்னாலேயே தெரியுமா?" என்று கேட்டேன்.

"என்ன தெரியும்?" என்றாள். பிறகு பஸ் வருகிறதா என்று பார்த்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் கொய்யா இலை பறித்து மென்றேன். அம்மா மூக்கைச் சுருக்கினாள். "கேக்குக்கு எசன்ஸ் ஊத்தினாங்க" என்றேன். படித்தவள் பொய் சொல்ல மாட்டாள் என்று அம்மா நம்பினாள்.

மதுரம்வைப்பு அன்று என் முதல் சம்பளத்தில் வாங்கிய பச்சைப் பட்டுச் சேலையை உடுத்திக்கொண்டு போனேன். முற்றத்தில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். வெயில் இறங்கியும் புழுக்கம் இறங்கவில்லை. மேடையில் அவள் தங்கநிறச் சேலையில் இருந்தாள். என்னைப் பார்த்துக் கையசைத்தாள், அதற்குள் யாரோ அவள் முகத்தைத் திருப்பி இனிப்பு ஊட்டினார்கள்.

முதல் தட்டு வந்தது. கண்ணாடிக் கிளாஸ்களில் சாம்பக்காய் வைன், நான் சொன்ன மாதிரியே வேர்த்து நின்றது. குடித்தவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் இன்னொரு கிளாஸ் கேட்டு வாங்கினார். தட்டு ஏந்தி வந்த ஆள், அவளுடைய ஏதோ அண்ணன் முறை, என் முன்னால் வந்ததும் நின்றார். நான் கையை நீட்டப் போனேன். அவர் தட்டைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டு உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இங்க ஒரு நாரங்ஙாவெள்ளம். இவங்க நம்ம ஆளில்ல, குடிக்கமாட்டாங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். புன்னகைகூட செய்தார். அந்த வைனைத் தேர்ந்ததே நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தட்டு திரும்பியிருக்கும். கேட்டு வாங்க எனக்கு மனம் வரவில்லை. எலுமிச்சைச் சாறு வந்தது, வாங்கிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு நாற்காலி தள்ளி அம்மாயி வந்து உட்கார்ந்தார். அங்கே வயதான கிறிஸ்தவப் பெண்கள் உடுத்தும் வெள்ளைச் சட்டையும் முண்டும், கரையில் சரிகை. கையில் அவருக்கும் அதே கிளாஸ்.

"உனக்கும் இதுதானா?" என்றார்.

"ம்."

"சர்க்கரை போட்டதா?"

"ஆமா."

"பாக்கியம். எனக்கு உப்பு."

மேடையைப் பார்த்த முகத்தைத் திருப்பாமலேயே கேட்டார். "சத்தியம் சொல்லு. அவ்வளவு மோசமா?"

பொய் சொல்ல ஒரு நிமிடம் நினைத்தேன். "முதல்ல ரொம்ப நல்லா இருந்தது. கடைசியிலதான் கசந்தது."

அவர் தலையாட்டினார். "எனக்கு சர்க்கரை வியாதி. டாக்டர் சொன்னார்னு பரணியிலேருந்து ஒரு சொட்டு நாக்குல வைக்க விடமாட்டேங்குறாளுங்க. ருசி பார்க்காம எப்படிடி போடுறது? குருட்டுக் கணக்குல போட்டேன்." கிளாஸைக் காலுக்குக் கீழே வைத்தார். "இவளுங்க எனக்கே தெரியாதுன்னு நினைச்சாளுங்க. போட்டவளுக்குத் தெரியாதா? யாராவது வாய் திறந்து சொல்லட்டும்னுதான் இருந்தேன். அதுக்கும் வெளியிலேருந்து ஆள் கூப்பிட வேண்டியதாப் போச்சு."

என் மேல் கோபமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மேடையிலிருந்து போட்டோக்காரர் கூப்பிட்டார். "குடும்பக்காரங்க எல்லாரும் மேல வாங்க! அம்மாயி எங்கே? அம்மாயி இல்லாம எடுக்கக்கூடாதாம்!"

அம்மாயி முண்டின் கரையைச் சரி செய்துகொண்டு எழுந்தார். யாரோ ஓடிவந்து கைபிடித்துக் கூட்டிப்போனார்கள். பெண்ணுக்கு வலது பக்கத்தில் இடம் விட்டு வைத்திருந்தார்கள், அங்கே போய் நின்றார். வெளிச்சம் மின்னியது. சிநேகிதி என் பக்கம் கண்ணை ஓட்டி ஏதோ சொன்னாள். "பிரண்ட்ஸ் எல்லாம் அப்புறம், முதல்ல குடும்பம்" என்றார் போட்டோக்காரர்.

என்னைச் சுற்றியிருந்த நாற்காலிகள் காலியாக இருந்தன. அந்த வரிசையில் இருந்த எல்லாரும் ஏதோ ஒரு வகையில் குடும்பம்தான் போலிருக்கிறது. பிரண்ட்ஸின் முறை வருவதற்கு முன் நான் எழுந்து பஸ்ஸுக்கு நடந்தேன்.

படியேறியதும் அம்மா முன்னால் வந்து நின்றாள். "ஊது."

ஊதினேன். அம்மா இன்னும் கிட்டே வந்து மோந்து பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"நாரங்ஙாவெள்ளம்தான்! கேட்டீங்களா, அந்த மாதிரி வீட்டுக்குப் போயும் ஒரு துளி தொடாம வந்திருக்கா என் பிள்ள."

"அவ படிச்சவளாச்சே" என்றார் அப்பா உள்ளேயிருந்து.

அம்மா என் பட்டுச் சேலையின் முந்தானையை எடுத்து மடிப்பு கலையாமல் நீவிவிட்டாள். "நல்லாப் பார்த்துக்கிட்டாங்களாடி?"

"ம்" என்றேன். "எனக்குன்னு தனியாக் கொண்டுவந்து கொடுத்தாங்க."