மூடிய பெட்டிக்கு முன்னால் கத்தினேன்

எனக்கு எழுபத்து நாலு வயசு. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். பெங்களூர் அடுகோடியில் எங்கள் தெருவில் யார் இறந்தாலும், குளிப்பாட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

போன வருஷம் எதிர்வீட்டு லட்சுமியின் மகன் எல்லையில் இறந்துபோனான். கொடி போர்த்திய பெட்டியில் கொண்டுவந்தார்கள். நான் எண்ணெய், சீயக்காயோடு போய் நின்றேன். கூட வந்த கன்னடக்காரச் சிப்பாய், "பேடம்மா, வேண்டாம், பெட்டியைத் திறக்கக் கூடாது" என்று மெதுவாகச் சொன்னார்.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "குளிப்பாட்டாம அனுப்ப இவன் என்ன அநாதையா? பெத்தவ முகம் பார்க்க வேணாமா? திறய்யா!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "எதுவானாலும் இங்கேயே சொல்லு" என்றேன். அவர் பெட்டியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். லட்சுமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடுங்கக்கா. உள்ளே முகம்னு ஒண்ணு இல்லைபோல" என்றாள்.

பெற்றவளிடம் சொல்லாமல் அவர்கள் காத்துவந்ததை நான் நடுத்தெருவில் போட்டு உடைத்துவிட்டேன்.

சிப்பாய் கொடியின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தார். லட்சுமி பெட்டியின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தாள். அவர் தன் கைக்குட்டையால், குழந்தைக்குத் துடைப்பதுபோல, அதை ஒற்றி எடுத்தார். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

லட்சுமி இன்றும் என்னோடு நன்றாகத்தான் பேசுகிறாள். அதுதான் தாங்கவில்லை.

காவ்யா, இதைப் படித்துப் பார் கண்ணு. பேத்தி நீயும் அன்றைக்கு அங்கேதானே இருந்தாய்? பாட்டி கத்தியதைக் குறைத்து எழுதியிருந்தால் சொல்லிவிடு.