கம்பியில் நடந்தவனும் என் மனைவியும்

பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு பின்னேரம் விவரணப்படம் காட்டினார்கள். ஆற்றுக்கு மேலே, எட்டாத உயரத்தில், ஒரு வெள்ளைக்காரன் கம்பியில் நடந்தான். முன்வரிசைக் கிழவர் ஒருவர், "டேய், இறங்கடா!" என்று திரையை அதட்டினார். என் மனைவி அழுதேவிட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருகோணமலைத் துறைமுகத்தில் பாரந்தூக்கியின் உச்சியில் தொங்கிப் பெயின்ற் அடிக்கிறவன் நான். வீட்டு யன்னலைத் திறந்தாலே தெரிகிற உயரம். ஒருநாளாவது அவள் எட்டிப் பார்த்ததில்லை.

வழியில் கேட்டேவிட்டேன். "ஆரோ ஒருத்தனுக்கு அழுறீர். எனக்கு ஒரு சொட்டும் இல்லையோ?"

"அந்த மனுசன் தப்பினபடியாத்தானே படமாக் காட்டுறாங்கள். அதுதான் துணிஞ்சு பாத்தனான். உங்களைப் பாக்க ஏலாது."

துறைமுகப் பக்கத்து யன்னலை அவள் எப்போதும் சாத்தியே வைத்திருப்பாள். உப்புக்காற்றுக்காக என்றுதான் இத்தனை வருசமும் நினைத்திருந்தேன்.

அன்று அதைத் திறக்கப் போன என் கை, கொண்டியிலேயே நின்றுவிட்டது.