நாற்றமில்லாத வார்டு

அறுவைப் பிரிவின் ஆண்கள் வார்டில் எல்லோருக்கும் அவள் சித்திதான். நர்ஸ் வேலைக்கு வந்த புதிதில், காய்ச்சலில் கிடந்த ஒரு மருத்துவ மாணவனைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டாள். அவன் வாய்தவறி “சித்தி” என்று கூப்பிட, அது ஒட்டிக்கொண்டது. பிறகு வந்த பயிற்சி டாக்டர்கள் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அவளைவிட மூத்த பேராசிரியர்கூட இப்போது சித்தி என்கிறார். வீட்டில் கணவருக்கு இதில் கொஞ்சம் எரிச்சல். “ஊர்ல இருக்கற டாக்டரெல்லாம் எனக்கு மகன் முறையாயிட்டான். ஒருத்தனாவது வீட்டுப் பக்கம் எட்டிப் பாத்திருப்பானா?” என்பார்.

அந்த வார்டில் விரிப்புகள் இரண்டு வகை. போடுற ஷீட், காட்டுற ஷீட். போடுற ஷீட்டில் மருந்துக் கறையும் கிழிசலும் இருக்கும். காட்டுற ஷீட் இஸ்திரி மடிப்போடு பீரோவில் பூட்டிக் கிடக்கும். வெளியூர்க் கல்லூரிகளின் பேராசிரியர்கள் ஆய்வுக்கு வரும்போது மட்டும் வெளியே வரும். படுக்கைகள் நிறைந்திருக்கின்றனவா, பாடம் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்களா என்று அவர்கள் பார்த்து எழுதினால்தான் கல்லூரிக்கு இன்னும் அதிக மாணவர்களைச் சேர்க்க அனுமதி கிடைக்கும். அவர்கள் கார் வாசலைத் தாண்டியதும் நோயாளியைப் புரட்டிப் போட்டு ஷீட்டை உருவிவிடுவார்கள். எத்தனை முறை உருவியிருந்தாலும் சித்திக்கு அந்த வேலை மட்டும் பழகவில்லை. அன்று முழுக்கக் கையில் ஏதோ பிசுபிசுப்பது போலவே இருக்கும்.

இந்த முறை ஆய்வு, கொத்தனாருக்கு ஆபரேஷன் குறித்திருந்த நாளில் வந்து விழுந்தது. சர்க்கரை வியாதிக்காரர். வலது காலில் இரண்டு விரல்கள் கறுத்துச் சீழ் பிடித்திருந்தன. விரல்களை உடனே எடுத்துவிட்டால் பாதம் பிழைக்கும் என்று அறுவைப் பிரிவு டாக்டர் சொல்லியிருந்தார். கொத்தனாரும் முந்தின இரவிலிருந்து வெறும் வயிற்றோடு காத்திருந்தார்.

காலையில் டீன் வார்டுக்குள் நுழைந்ததும் கைக்குட்டையை எடுத்தார்.

“என்ன சித்தி இது, இப்படி நாறுது?”

“கால் சார். இப்ப ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டியவரு.”

“தியேட்டரைக் கழுவிப் பூட்டியாச்சு. இன்னிக்கு அங்க யாரும் காலெடுத்து வைக்கக் கூடாது.”

“தள்ளிப் போட்டா காலையே எடுக்க வேண்டி வரும் சார்.”

“ஒரு நாள்ல என்ன ஆயிடும்? முதல்ல இந்த ஆள எங்கேயாவது மாத்துங்க.”

அறுவைப் பிரிவு டாக்டர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கேயாவது என்பது வகுப்பறைக்குப் பின்னாலிருந்த, உடைந்த நாற்காலிகள் போட்டுவைத்த அறையாக இருந்தது. ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளும்போது கொத்தனாரின் மனைவி கேட்டாள்: “எங்கள ஏன் சித்தி ஒளிச்சு வைக்கிறாங்க? நாங்க என்ன திருடிட்டா வந்தோம்?” சித்தி குளுக்கோஸ் பாட்டிலை ஜன்னல் கம்பியில் கட்டினாள்.

திரும்பி வந்தபோது கொத்தனாரின் படுக்கையில் கேன்டீன்காரர் படுத்திருந்தார். கழுத்துவரை காட்டுற ஷீட். குடல்வால் வலி என்று சீட்டு. “வலது பக்கம் அமுக்கினா கத்தணும். அவ்வளவுதான்” என்று வார்டு பாய் பாடம் நடத்திக்கொண்டிருந்தான்.

“மத்தியானத்துக்குள்ள விட்ருவாங்களா? அடுப்புல ஆளில்ல” என்றார் நோயாளி.

ஆய்வுக்கு வந்த மூவரில் தலைமைப் பேராசிரியரைப் பார்த்ததும் சித்திக்கு மூச்சு வந்தது. இதே வார்டில் படித்தவர். மாணவனாக இருந்தபோது, ஆள் போதாத ஓர் ஆய்வு நாளில், குடலிறக்க நோயாளியாக இங்கே படுத்துக் கிடந்தவர். போர்வையைப் போர்த்திவிட்டதே சித்திதான். “அசிங்கமா இருக்கு சித்தி. நான் பெரியாளானா இதெல்லாம் நடக்க விடமாட்டேன்” என்று போர்வைக்குள்ளிருந்து சொன்னவர். ஏமாற்றுவது எப்படி என்று தெரிந்தவருக்குக் கண்டுபிடிக்கத் தெரியாதா?

அவரும் நேராகக் கேன்டீன்காரரிடமே வந்தார். ஒரு மாணவியைக் கூப்பிட்டு, வயிற்றைப் பரிசோதிக்கச் சொன்னார். பதற்றத்தில் அவள் அவருடைய இடது பக்கத்தை அமுக்கினாள். கேன்டீன்காரர், அவளுக்கு எது வலமோ அதுவே தனக்கும் வலம் என்று நினைத்தாரோ என்னவோ, உயிர் போகிற மாதிரி கத்தினார்.

பேராசிரியர் டீனைப் பார்த்தார். டீன் மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தார்.

“ரெண்டு பக்கமும் குடல்வால் இருக்கும் போல. அபூர்வமான கேஸ்” என்றார் பேராசிரியர். டீன் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மாணவியும் சிரித்தாள். வலது எது, இடது எது என்று கடைசிவரை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கத்தியவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

சித்தி முன்னால் வந்தாள்.

“சார், நிஜமான கேஸ் ஒண்ணு பின்னால இருக்கு. ரெண்டு விரல் எடுக்கணும். தியேட்டரைத் திறக்கச் சொல்லி நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

“சித்தி! மாறவே இல்ல நீங்க” என்று அவள் தோளைத் தட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “எனக்குத் தெரியாதா? அடுத்த மாசம் எங்க காலேஜுக்கு ஆய்வுக்கு வர்றதே உங்க டீன்தான். இங்க நான் நோண்டினா அங்க அவரு நோண்டுவாரு. பாத்துக்கலாம், விடுங்க.”

அடுத்து தியேட்டரைத் திறந்தார்கள். உள்ளே போனவர்கள் வெளியே வந்து, படு சுத்தம் என்றார்கள். மறுபடி பூட்டினார்கள். எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போனார்கள்.

சித்தி பின்னறைக்குப் போனாள். குளுக்கோஸ் எப்போதோ தீர்ந்து, குழாயில் ரத்தம் ஏறியிருந்தது. காலில் போட்டிருந்த கட்டின்மேல் ஈக்கள். முழங்காலுக்குக் கீழே தோல் செந்தணலாகச் சிவந்திருந்தது. கொத்தனார் ஜுரத்தில் யாரையோ சிமெண்டு கலக்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார்.

அவளும் அவர் மனைவியுமாக ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு, எல்லோரும் பார்க்க முன்வராந்தா வழியாகவே வார்டுக்கு வந்தார்கள்.

“எந்திரிங்க” என்றாள் சித்தி.

“சாயங்காலம் வரைக்கும்னு சொன்னாங்களே?” என்றார் கேன்டீன்காரர்.

“எந்திரிய்யா!”

காட்டுற ஷீட்டின் மேலேயே கொத்தனாரைக் கிடத்தினாள். ஊசி போட்டாள், கட்டை மாற்றினாள். அதற்கு மேல் அவளால் ஆகக்கூடியது எதுவும் இல்லை. விரலை எடுக்க வேண்டிய டாக்டர், வந்தவர்களுக்குச் சாப்பாட்டு மேசையில் துணையிருந்தார்.

அன்று வீட்டில் தட்டின் முன்னால் உட்கார்ந்தவள், சோப்புப் போட்டுக் கழுவிய கையை மறுபடி போய்க் கழுவினாள்.

“உன் புள்ளைங்க என்ன பண்ணிச்சுங்க?” என்றார் கணவர்.

“புள்ளைங்கன்னு சொல்லாதீங்க. குமட்டுது.”

தட்டை மூடிவைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

மறுநாள் காலை அறுவைப் பிரிவு டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். பாதம் முழுக்கக் கறுத்திருந்தது. சிவப்பு முழங்காலைத் தொட்டிருந்தது. சித்தியை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

“விரலோட போற கட்டம் தாண்டிடுச்சு சித்தி. முட்டிக்கு மேல எடுத்தாத்தான் ஆள் மிஞ்சுவாரு. நீங்களே அவங்க வீட்டம்மாகிட்ட பக்குவமா சொல்லிடுங்களேன். நீங்க சொன்னா கேட்டுப்பாங்க.”

“முடியாது சார்.”

“சித்தி...”

“இத்தனை வருஷமா உங்களுக்காக எவ்வளவோ பக்குவமா சொல்லியிருக்கேன். இத நான் சொன்னா என் வாய்தான் நாறும். நீங்க போய்ச் சொல்லுங்க. நேத்து தியேட்டர் எதுக்குப் பூட்டியிருந்துச்சுங்கறதையும் சேத்துச் சொல்லுங்க.”

அவள் வழியை விடவுமில்லை, அங்கிருந்து நகரவுமில்லை. கடைசியில் அவரே சுற்றிக்கொண்டு படுக்கையருகே போனார். ஜுரம் கொஞ்சம் தணிந்து கொத்தனார் விழித்திருந்தார். மனைவி எழுந்து நின்றாள்.

“அதாவது...” என்று ஆரம்பித்தார் டாக்டர்.

“ரெண்டு விரல்தானே சார்?” என்று கேட்டார் கொத்தனார்.